பாட்டோடு சேர்ந்து பாடும் ஆல்டர்னேட்டர்

கார் ஸ்பீக்கரில் ‘ஊய்ங்’ என்று ஒரு சத்தம் கிளம்பிவிட்டால் வண்டிக்காரர் நேரே போவது அக்சசரீஸ் கடைக்கு. அங்கே ஒரு நாய்ஸ் ஃபில்டரை மாட்டிவிடுவார்கள். சத்தம் அடங்கவில்லையா, அதைவிடக் கனமான ஃபில்டர். அதற்கும் மசியவில்லையா, டார்ச் லைட் பருமனில் ஒரு கெபாசிட்டர். கடைசியில் ஆம்பே மாறும். இவ்வளவு செலவுக்குப் பிறகும் ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டுக்குப் பின்னாலிருந்து இன்ஜினும் கூடவே சுருதி ஏற்றும். கழற்றி எறிந்த ஆம்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. குறை எங்கே என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பொருள் வாங்க ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிறவர்கள், பழுதைத் தேடுகிற ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். “சும்மா வயரைத் தொட்டுப் பாத்ததுக்கா இவ்வளவு?” என்ற கேள்வி எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் புதிதில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே அவரும் தேடுவதை விட்டுவிட்டுப் பொருளை விற்கிறார். கார் ஆடியோ இரைச்சல் இந்தப் பழக்கத்தின் செலவை நன்றாகக் காட்டிக்கொடுக்கும் இடம். உப்புக்காற்று வீசும் தூத்துக்குடிக் கரையில் அந்தச் செலவு இன்னும் கூடும்.

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நகரத்தைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் தருவைகுளம். ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கும் செவுள்வலை விசைப்படகுகளுக்குப் பேர்போன ஊர். படகு கரை சேர்ந்ததும் மீன் ஏற்ற லோடு ஆட்டோக்களும் பிக்கப்புகளும் வரிசை கட்டும். ஐஸ் பெட்டியிலிருந்து உருகி வழியும் தண்ணீர் வண்டியின் தகட்டில் சொட்டி, சேசிஸ் வரை இறங்கும். ஏறி இறங்குகிறவர் காலில் ஈர மணல். வழியெல்லாம் உப்பளம். இந்த வண்டிகளில் பாட்டு இல்லாத வண்டியைக் காண்பது அரிது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஊஃபர் பெட்டியும் பெரும்பாலும் இருக்கும்.

அந்த ஊஃபரை ஓட்டும் ஆம்பின் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், சீட்டுக்கு அடியிலோ பின்தகட்டு ஓரத்திலோ ஒரு போல்ட்டில் போய் முடியும். அதுதான் எர்த். ஸ்பேனரால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வயர் முனையில் இருக்கும் லக்கில் பச்சை பூத்திருக்கும். அதற்கு அடியில் கம்பெனி அடித்த பெயின்ட் சுரண்டப்படாமல் அப்படியே இருக்கும். போல்ட்டின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். அந்த மரையிலும் துருப்பொடி. வயரை மடக்கினால் உறைக்குள் கம்பி இழைகள் ‘பொடுக்’ என்று உடையும், ஏனென்றால் மலிவான ஆம்ப் கிட்களில் வருவது முழுச் செம்பு வயர் கிடையாது; மேலே செம்பு பூசிய அலுமினியம். ஒரே பருமன் உள்ள செம்பு வயரைவிட அதற்குத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தாலோ, அலுமினியம் வேகமாக அரிக்கும்.

கடற்கரை உப்பில் இன்னொரு குணம் உண்டு. அதில் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை. மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் ஈரப்பதம் முப்பத்து மூன்று சதவீதத்தைத் தாண்டினாலே அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கசியும். தூத்துக்குடியில் அதைவிடக் குறைந்த ஈரப்பதம் என்பது அபூர்வம். ஆகவே போல்ட்டின் மேல் படிந்த உப்பு மழை பெய்யாவிட்டாலும் ஈரமாகவே இருக்கும், அரித்துக்கொண்டே இருக்கும். உப்பள வேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் அதிகம் இருப்பதும் இதுவே.

ஒரு துருப்பிடித்த போல்ட்டால் பாட்டுக்கு என்ன வந்தது? கணக்கு எளிது. பாட்டு உரக்க ஓடும்போது ஆம்ப் இருபது ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பில் ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலே அங்கே ஒரு வோல்ட் ஏறி நிற்கும். டேஷ்போர்டில் இருக்கும் செட்டிலிருந்து ஆர்சிஏ வயர் வழியாக ஆம்புக்கு வரும் பாட்டின் அளவே உச்சத்தில் இரண்டிலிருந்து நான்கு வோல்ட்தான்; மெல்லிய இடங்களில் அது மில்லிவோல்ட். செட் தன் எர்த்தை ஸ்டியரிங் பக்கம் எடுக்கிறது, ஆம்ப் பின்னால் எடுக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் நீர்மட்டம் ஒரு விரல்கடை வித்தியாசப்பட்டாலும் மடையைத் திறந்ததும் நீர் ஓடும்; இங்கே அந்த மடை ஆர்சிஏ வயரின் மேல்கூடு. அதில் ஓடக்கூடாத கரன்ட் ஓடுகிறது. பாட்டையும் அந்தக் கரன்ட்டையும் பிரித்துப் பார்க்க ஆம்புக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். தொழிலில் இதற்கு கிரவுண்ட் லூப் என்று பெயர்.

அந்தக் கரன்ட் ஏன் ‘ஊய்ங்’ என்கிறது என்பதற்கும் விடை உண்டு. ஆல்டர்னேட்டர் தருவது மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம். உள்ளே இருக்கும் ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன, ஆனால் முழுக்க வழவழப்பாக இல்லை. சிறு அலை மிஞ்சும். ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், புல்லி விகிதம் இரண்டரை என்று கொண்டால், ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று சுற்றும். ஆறு ஜோடிக் காந்த முனை கொண்ட ஆல்டர்னேட்டரில் அது விநாடிக்கு 1,200 அலை. இன்ஜின் 3,000 சுற்றுக்கு ஏறினால் 4,500. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லை இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை. மில்லிவோல்ட் கணக்கில் வரும் கசிவுகூடக் காதில் ஊசியாகக் குத்துவது இதனால்தான்.

நல்ல கைக்காரர் இதைப் பொருள் எதுவும் வாங்காமல் கண்டுபிடிப்பார். முதலில் அவர் காதைத்தான் பயன்படுத்துவார். இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாட்டைப் போடுவார். அப்போது சத்தம் இல்லை, ஸ்டார்ட் செய்ததும் வருகிறது, மிதித்தால் சுருதி ஏறுகிறது என்றால் ஆல்டர்னேட்டரின் அலை எங்கோ உள்ளே நுழைகிறது. சுருதி இல்லாமல் ‘டக்கு டக்கு’ என்று வேகத்தோடு கூடினால் அது ஸ்பார்க் பிளக்கின் பொறி. இங்கேதான் பலர் வழுக்குவது. டீசல் பிக்கப்பைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் “பிளக் நாய்ஸ்ணே” என்று சொல்கிற கடைகள் உண்டு. டீசல் இன்ஜினில் பொறி விடும் பிளக்கே கிடையாது. டீசல் வண்டியில் டக்கு டக்கு என்றால் இண்டிகேட்டர் ஃபிளாஷரையோ, வைப்பர் மோட்டாரையோ, டீசல் பம்பையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது வால்யூம். அதைத் திருகும்போது இரைச்சலும் கூடிக் குறைந்தால், அது வால்யூமுக்கு முன்னாலேயே வந்துவிட்டது: ரேடியோவின் ஆன்டெனா வழியாகவோ, செருகிய போன் வழியாகவோ. வால்யூமை அடியோடு குறைத்தாலும் இரைச்சல் அப்படியே இருந்தால், செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நுழைகிறது. இந்த ஒரு திருகலிலேயே வண்டியில் பாதி இடத்தைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடலாம். பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான். ஆன்டெனா வயரைப் பிடுங்கினால் சத்தம் போகிறதா? அப்படியானால் ஆன்டெனா அடிக்கட்டை தகட்டைத் தொடும் இடத்தில் துரு. ஆம்பிலிருந்து ஆர்சிஏவைப் பிடுங்கினால் போகிறதா? அப்படியானால் ஆம்ப் நிரபராதி. போனின் சார்ஜரைப் பிடுங்கினால் போகிறதா? இது இன்று மிக அதிகம். சார்ஜர் வயர் ஒன்று, ஆக்ஸ் வயர் ஒன்று என்று போனுக்கு இரண்டு வழியில் எர்த் கிடைத்தால் அங்கேயே ஒரு லூப் உருவாகிறது. அதே பாட்டை புளூடூத்தில் போட்டால் சத்தம் மறையும், அதுவே அத்தாட்சி.

போன் வருவதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கரில் ‘டிடிட் டிடிட்’ என்று கேட்கும் சத்தம் இந்தக் கணக்கில் வராது. பழைய 2ஜி போன்கள் விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதால் அது. 4ஜி பரவியபின் அந்தச் சத்தம் ஊரைவிட்டே போய்க்கொண்டிருக்கிறது.

காதுக்கு அடுத்தது மல்டிமீட்டர். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பாட்டு ஓட, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் முனையிலும் வைத்துப் பார்ப்பார் கைக்காரர். பத்தில் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எங்கே உப்புத்தாளை வைத்துத் தேய்க்க வேண்டும் என்று மீட்டரே சொல்லிவிட்டது. அதே மீட்டரை ஏசிக்கு மாற்றி பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் ஆல்டர்னேட்டரின் நலமும் தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. அப்போது பிரச்சினை பாட்டோடு நிற்காது, பேட்டரியும் சீக்கிரம் படுக்கும். இரைச்சலை ஃபில்டர் போட்டு மூடினவர் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே மூடிவிடுகிறார்.

வைத்தியம் மலிவு. தகட்டில் பெயின்ட்டைப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். புது லக், பல்வாஷர், இறுக்கமான போல்ட். எல்லாம் முடிந்தபின் மேலே வாஸலினோ கிரீஸோ தாராளமாக. கடற்கரை வண்டியில் இந்தக் கடைசி வேலையை விட்டால் அடுத்த வருடம் இதே போல்ட்டில் வந்து நிற்க வேண்டியிருக்கும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைக் கையால் தொடவே கூடாது, உயிரைப் பிடிக்கிற போல்ட் அது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயர் வண்டியின் ஒரு பக்கமாகவும் ஆர்சிஏ மறுபக்கமாகவும் போக வேண்டும். இரண்டையும் ஒரே டேப்பில் சுற்றி மிதியடிக்கு அடியில் ஓட்டிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும், ‘ஊய்ங்’கை வாங்கிக் கொடுக்கும்.

இரைச்சலைத் துரத்தும் வேலைக்குக் கார் ரேடியோ அளவுக்கே வயது. 1930இல் சிகாகோவின் பால் கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிப்போனார். அந்த ரேடியோதான் பிறகு மோட்டரோலா ஆனது. அந்த முதல் செட்டின் விலை 110 முதல் 130 டாலர். ரேடியோவைக் காருக்குள் வைப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் விடும் பொறி ஸ்பீக்கரில் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் தலைவலி. ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு தடை, ஜெனரேட்டருக்கு ஒரு கெபாசிட்டர் என்று காரையே பிரித்து மாட்டினார்கள். அந்தக் குழுவில் இருந்த இளைஞர் எல்மர் வேவரிங். இவரே பிற்பாடு 1960களில், பழைய ஜெனரேட்டருக்குப் பதிலாகக் காருக்கான ஆல்டர்னேட்டரை உருவாக்கிய மோட்டரோலா குழுவுக்குத் தலைமை தாங்கினார். கார் ரேடியோவின் முதல் இரைச்சலை அடக்கியவர் கையாலேயே இரண்டாவது இரைச்சல் வந்து சேர்ந்தது.

பொறிச் சத்தம் இன்று அநேகமாக இல்லை. பிளக்குக்குள்ளேயே தடையை வைத்துச் செய்கிறார்கள்; பல கம்பெனிகளின் பிளக் எண்ணில் வரும் ‘ஆர்’ எழுத்து அதைத்தான் குறிக்கிறது. விலை குறைவென்று ‘ஆர்’ இல்லாத பிளக்கைப் போட்டுவிட்டு ரேடியோவைக் குறை சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மூன்றாவது தலைமுறை இரைச்சல் வாசலில் நிற்கிறது, அதுவும் தூத்துக்குடி வாசலிலேயே. சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 வண்டி என்பது தொடக்கத் திறன். மின்சார காரில் பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப வெட்டி வெட்டிக் கொடுக்கும் இன்வர்ட்டர் ஒன்று இருக்கிறது. அந்த வெட்டின் சிதறல் மீடியம் வேவ் எல்லைக்குள் விழுகிறது. அதைத் தடுக்கும் கவசம் போடுவது செலவு. அதனால் அமெரிக்காவில் பல கம்பெனிகள் மின்சார காரிலிருந்து மீடியம் வேவ் ரேடியோவையே தூக்கிவிட்டன. ஃபோர்டு 2023இல் அப்படி அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் மே மாதத்திலேயே பின்வாங்கியது. பேரிடர் அறிவிப்பு அந்த அலைவரிசையில்தான் வெகுதூரம் போகும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். எல்லாக் காரிலும் அது இருக்க வேண்டும் என்று ஒரு மசோதாவும் அங்கே நாடாளுமன்றத்துக்கு வந்தது.

இந்த வாதம் இந்தக் கரைக்கு அந்நியமானது இல்லை. அகில இந்திய வானொலி இலங்கைக்கான சேவைக்காக 200 கிலோவாட் மீடியம் வேவ் ஒலிபரப்பியை வைத்த ஊர் தூத்துக்குடி. ரேடியோ சிலோனைக் கேட்டே வளர்ந்த தலைமுறையும் இங்கேதான் இருக்கிறது. மின்சார காரின் இரைச்சலை அடக்குவது கம்பெனியின் பொறுப்பு. ரேடியோவைக் கழற்றிவிட்டு ‘இரைச்சல் தீர்ந்தது’ என்று சொல்வது தலைவலிக்குத் தலையை வெட்டும் வைத்தியம். இதில் கடைக்காரரால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

எல்லா இரைச்சலும் பழுதும் இல்லை. வெயில் காலத்தில் தருவைகுளம் பக்கம் கடலோரமாக வண்டி ஓட்டினால், கேட்டுக்கொண்டிருந்த எஃப்எம் நிலையத்தின் மேல் சிங்களப் பாட்டு ஏறி உட்காரும். கடலுக்கு மேல் குளிர்ந்த காற்று, அதற்கு மேல் சூடான காற்று என்று அடுக்கு விழும்போது, பண்பலை அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி, நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்துவிடும். இதற்காக ஆன்டெனாவை மாற்றக் காசு வாங்கினால் அது பகல்கொள்ளை.

கடைக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓர் எர்த்தைத் தேட டேஷ்போர்டைக் கழற்றி மாட்டினால் இரண்டு மணி நேரம் போகும். அந்த நேரத்தில் நான்கு பேருக்கு சீட் கவர் மாட்டியிருக்கலாம். போல்ட்டைத் தேய்த்ததற்கு ஐநூறு ரூபாய் என்று சொன்னால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதே ஐநூறுக்கு ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை கவரோடு கையில் கொடுத்தால் சிரித்துக்கொண்டே போவார். ஐசோலேட்டர் ஏமாற்றுப் பொருளும் இல்லை. உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பாட்டை மட்டும் கடத்தி, எர்த் இணைப்பை வெட்டிவிடுகிறது. அவசரத்துக்கு அது போதும். ஆனால் மலிவானதில் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு சிறியது. தாழ்ந்த சுருதியைத் தாங்காது. ஊஃபருக்காகவே செலவு செய்தவர் ஊஃபரின் அதிர்வை இழப்பார். எர்த்தும் அப்படியே அரித்துக்கொண்டிருக்கும். கெபாசிட்டரின் கதை வேறு. அது பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவதைச் சற்றுக் குறைக்கலாம். ‘ஊய்ங்’குக்கும் அதற்கும் சம்பந்தம் சொற்பம்.

புது வண்டியில் இன்னொரு சிக்கல். வாரன்டி காலத்தில் வயரை வெட்டி ஒட்டினால் கம்பெனி கையை விரிக்கும். கப்ளர் வைத்து மாட்டுகிற கடையைத் தேடிப் போவது நல்லது.

தேடும் வேலைக்குக் கூலி கிடைக்க வேண்டுமானால் மாற வேண்டியது பில். கடைகள் ‘இரைச்சல் பரிசோதனை’ என்று ஒரு தொகையைப் பலகையில் எழுதி வைக்கலாம். பொருள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தத் தொகை உண்டு. அதற்குப் பதிலாக வாடிக்கையாளருக்கு ஒரு துண்டுச் சீட்டு: எர்த்தில் எத்தனை வோல்ட் இருந்தது, சரி செய்தபின் எத்தனை. டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் முணுமுணுக்காமல் கட்டுகிற நாட்டில் இது நடக்காத காரியம் இல்லை. சீட்டில் எண் இருந்தால் வாடிக்கையாளர் பொருளைப் பார்க்காமலேயே வேலையைப் பார்க்க முடியும்.

வண்டியில் இது காசு விவகாரம். படகில் அப்படி இல்லை.

தருவைகுளம் படகுகள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதற்குச் செய்தித்தாள்களே சாட்சி. 2023 அக்டோபரில் 12 மீனவர்களோடு ஒரு படகை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. 2024 ஆகஸ்டில் இரண்டு படகுகளில் இருந்த 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. அவ்வளவு தூரத்தில் பக்கத்துப் படகோடு பேச இருப்பது விஎச்எஃப் செட். அபாய அழைப்புக்கு அதில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூரத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் விலையைக் குமரிக்கரை இன்னும் மறக்கவில்லை.

காரில் இருக்கும் எல்லாத் தொல்லையும் படகிலும் உண்டு: ஆல்டர்னேட்டர், உப்பு, மலிவு வயர். பாட்டுப் போட ஊஃபரும் உண்டு. மரத்திலும் ஃபைபரிலும் கட்டிய படகில் பாடி எர்த் என்று ஒன்று கிடையாது; மைனஸும் வயரிலேயே போய் வர வேண்டும். அதோடு எல்இடி விளக்குகள் வந்து சேர்ந்துவிட்டன. எல்இடியை எரிய வைக்கும் டிரைவர் சர்க்யூட் மின்சாரத்தை விநாடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டுகிறது, மலிவானதில் அந்தச் சிதறல் விஎச்எஃப் வரை ஏறுகிறது. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் எல்இடி எரிந்ததால் விஎச்எஃப்பும், கப்பல்களின் இருப்பைக் காட்டும் ஏஐஎஸ் கருவியும் செவிடாகிப்போன புகார்கள் அதில் இருந்தன. ஒரு துறைமுகத்தில் மீட்பு மையம் ஒரு கப்பலை விஎச்எஃப்பில் கூப்பிட்டும் பேச முடியாமல் போனதும் இருந்தது.

இதில் மோசமானது, காரைப் போல இங்கே சத்தம் கேட்காது. விஎச்எஃப் செட்டில் ஸ்குவெல்ச் என்றொரு திருகு உண்டு. இரைச்சல் தொல்லையாக இருந்தால் அதை ஏற்றி வாயை அடைத்துவிடலாம். செட் அமைதியாகிவிடும். தூரத்துப் படகின் மெல்லிய குரலும் அந்த அமைதிக்குள்ளேயே புதைந்துபோகும். படகில் இருப்பவருக்கு யாரோ கூப்பிட்டார்கள் என்பதே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க அந்த எச்சரிக்கையே ஒரு வழி சொல்கிறது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஆள் பேசாத ஒரு சேனலில் செட்டை வைக்க வேண்டும். ஸ்குவெல்ச்சை இறக்கி இரைச்சல் கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அது அடங்குகிற இடத்தில் சரியாக நிறுத்த வேண்டும். பிறகு எல்இடியை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்த விளக்கைப் போட்டதும் செட் மறுபடி இரைகிறதோ அதுதான் குற்றவாளி. பாட்டு செட், போன் சார்ஜர், இன்வர்ட்டர் எல்லாவற்றையும் இப்படியே பிடித்துவிடலாம். மீட்டர்கூட வேண்டாம்.

மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிய திட்டத்தில் 364 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். இஸ்ரோவின் தொழில்நுட்பம், செயற்கைக்கோள் வழியே பேசுவது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கருவியைக் கொடுக்கும் திட்டத்துக்குக் கிடைக்கும் பணமும் பத்திரிகைச் செய்தியும், இருக்கிற கருவிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை. அக்சசரீஸ் கடையின் வியாபாரம்தான் இது, அரசாங்க அளவில். அடுத்த படகின் குரலைக் கேட்க விஎச்எஃப்பை விட்டால் வேறு வழியும் இல்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும். மீன்வளத் துறை விசைப்படகுகளை ஆண்டாய்வு செய்வதும் அப்போதுதான். பதிவு எண், நீளம், இன்ஜின் எல்லாம் பார்க்கிற அந்தப் படிவத்தில் ஸ்குவெல்ச் சோதனையையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஒரு படகுக்குப் பத்து நிமிடம் போதும். சோதிக்கத் தனியே அதிகாரி தேவையில்லை. தூத்துக்குடியில் வண்டிக்கு எர்த் பார்க்கிற ஒரு எலக்ட்ரீஷியனுக்குத் துறையே நாள்கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளலாம். தேறாத விளக்கை மாற்றி, வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இழுக்க ஆகும் செலவில் ஒரு பங்கை டீசலுக்குத் தருவதைப் போல மானியமாகத் தரலாம். ஜூன் 15 அதிகாலை கடலுக்குள் இறங்கும்போது படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கையில் பதிவுச் சான்றோடு இந்தச் சோதனைச் சீட்டும் இருக்க வேண்டும் என்று விதி வந்தால், தருவைகுளம் அதற்கு ஏற்ற முதல் ஊர்.